நம் வேலையை நாமே எடைபோடுதல்

தீபாவளிச் செலவுக் கணக்கு முடிவதற்குள் நம்மில் பலர் வீட்டுக்கு ஒரு தாள் வந்து சேர்ந்துவிடுகிறது. பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்யும் மகள் அதைப் பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைக்கிறாள். ஆயர் குரோவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகன் அதைக் கைத்தொலைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிகிறான். "இந்த ஆண்டு நீங்கள் செய்த வேலையைப் பற்றி நீங்களே எழுதுங்கள்" என்று அந்தப் பாரம் கேட்கிறது. கீழே பத்து வரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். பிள்ளை இரண்டு வரி எழுதுகிறது: "கொடுத்த வேலையை நன்றாகச் செய்தேன். அடுத்த ஆண்டு இன்னும் நன்றாகச் செய்வேன்." கையெழுத்துப் போட்டாயிற்று. தாள் திரும்பிப் போயிற்று. மார்ச் மாதம் சம்பள உயர்வு வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் இன்னொருவருக்கு அறுபது வெள்ளி கூடியிருக்கிறது. நம் பிள்ளைக்கு இருபது வெள்ளி. "நம்மைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

சில இடங்களில் அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு யாரும் நம் பிள்ளைக்காக வாதாட முடியாது. இன்றைய உரை அந்தப் பத்து வரியைப் பற்றியது.

முதலில் என் தாயாரைப் பற்றிச் சொல்ல அனுமதி கொடுங்கள். ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவர் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. விடியற்காலைப் பெரட்டு முடிந்து, நிரைக்குப் போய், வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அங்கே நிறுவை. கிராணி தராசைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அம்மாவும் தராசைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் கோடுகள் போடுவார். பத்து ராத்தலுக்கு ஒரு நீளக் கோடு, மிச்சத்துக்குச் சின்னக் கோடு. மழையால் வெட்டு இல்லாத நாளுக்கு ஒரு வட்டம். ஒட்டுப்பாலுக்கு வேறு அடையாளம்.

ஒரு மாதம் சம்பளம் குறைந்தது. அம்மா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. கிராணியிடம் போய், "ஐயா, பதினோராம் தேதி மழை, வெட்டு இல்லை. பன்னிரண்டாம் தேதி நான் கொண்டுவந்தது அறுபத்திரண்டு ராத்தல். உங்கள் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்" என்றார். கிராணி புரட்டிப் பார்த்தார். பன்னிரண்டாம் தேதிக்கு எதிரே ஒன்றும் இல்லை; அந்த எண் அடுத்த வரியில் வேறொருவர் பெயருக்கு நேராக ஏறியிருந்தது. திருத்திக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர், நூற்றுக்கும் மேற்பட்ட பேருக்குக் கணக்கு எழுதுகிறவர். "நான் நன்றாக வெட்டினேன் ஐயா, என்னைக் கவனியுங்கள்" என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் மலாக்கா மாநிலத்தில் ரப்பர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் இந்நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்தக் காலம் தொட்டு நம்மவர்கள் உழைப்பு எடை போடப்பட்டே வந்திருக்கிறது. பாலுக்கு நிறுவை இருந்தது. செம்பனைக்குக் குலைக் கணக்கு இருந்தது. நிறுத்தவர் வேறொருவராக இருந்தாலும், தராசு கண்முன்னே இருந்தது.

1970களின் தொடக்கத்திலிருந்து பத்து பெரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1973இல் அங்கே வந்த ஜெர்மானிய சீமென்ஸ் தொழிற்சாலைதான் 1999க்குப் பிறகு இன்ஃபினியான் என்ற பெயரில் நடந்துவருகிறது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு ஹோட்டல்கள், மருத்துவமனைகள், அரசாங்க இலாகாக்கள், பாதுகாவலர் வேலை என்று பரவினோம். இந்த வேலைகளில் ஸ்டோர் இல்லை, தராசு இல்லை. ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணின் நல்ல வேலையை எந்தத் தராசில் நிறுப்பது? நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கும் அட்டெண்டன்டின் பொறுமைக்கு எத்தனை ராத்தல்? அதனால்தான் முதலாளிமார்கள் பாரம் கொடுத்து, "நீயே சொல்" என்கிறார்கள். தராசை நம் கையிலேயே கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாம் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நிர்வாகக் கலையைப் பற்றி எழுதிய பீட்டர் டிரக்கர் என்ற அறிஞர் 1954இல் வெளிவந்த தம் நூலில் ஒரு வழக்கத்தைச் சிறப்பாகச் சொல்கிறார். நிர்வாகிகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு முறை தமக்கு மேலுள்ளவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். தம் வேலை என்ன, எந்த அளவுகோலால் தம்மை அளக்கலாம், எது தமக்கு உதவுகிறது, எது தடையாக இருக்கிறது என்று அதில் சொல்ல வேண்டும். பெரிய அதிகாரிகளுக்காகச் சொல்லப்பட்ட அந்தக் கடிதத்துக்கு உறவான ஒன்றுதான் இன்று தொழிற்சாலை மேசையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் கைக்கு வருகிறது.

நம் நாட்டு அரசாங்கச் சேவையில் இதன் கதை கொஞ்சம் கசப்பானது. 1992இல் புதிய ஊதிய முறை வந்தது. அதுவரை ஆண்டு பிறந்தால் சம்பளம் ஒரு படி ஏறும். அதன்பின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்து நான்கு வழிகளில் ஒன்று என்றாயிற்று. மதிப்பெண் மோசமானால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பெரும்பாலோர் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்வார்கள். மிகச் சிலர் மட்டும் மேலேயோ குறுக்காகவோ ஏறுவார்கள். தொழிற்சங்கங்கள் இதைப் பல ஆண்டுகள் எதிர்த்துப் பேசின. 2002 நவம்பரில் அந்த முறை போய் வேறு ஊதிய முறை வந்தது. 2024 டிசம்பரில் அதுவும் போய் இன்னொன்று வந்திருக்கிறது. முறைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஊழியரின் கையெழுத்தில் ஒரு பகுதி இருப்பது மாறாமல் வந்திருக்கிறது.

அந்த 1990களில் நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஓர் ஆண்டு ஜனவரியில் பழைய கோப்புகள் இருந்த அறையின் கூரை ஒழுகிவிட்டது. இரண்டு வாரம் நானும் இன்னொருவரும் அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, காற்றாடிக்குக் கீழே உலர்த்தி, எண் போட்டு, புதிதாக அடுக்கினோம். ஏப்ரலில் மேலதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவர் வந்தார். நவம்பரில் பாரம் வந்தது. "எல்லா வேலைகளும் முடிக்கப்பட்டன" என்று மலாயில் ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். எனக்கு அது அடக்கமாகப் பட்டது. கூடவே, செய்தவனே சொல்லிக்கொள்வதா என்ற ஒரு வீம்பும் இருந்தது.

என்னோடு கோப்பு உலர்த்திய நண்பர் முக்கால் பக்கம் எழுதியிருந்தார். எத்தனை கோப்புகள், எத்தனை நாள், எத்தனை முற்றிலும் கெட்டுப்போயின, இனி அப்படி நேராதிருக்கக் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து எவ்வளவு உயர்த்தினோம் என்பதெல்லாம் அதில் இருந்தன. "இருவராகச் செய்தோம்" என்றுகூட எழுதியிருந்தார்; பொய் ஒன்றும் இல்லை. புதிய அதிகாரிக்கு ஜனவரியில் கூரை ஒழுகியதே தெரியாது. அவர் பாரத்தைப் படித்துத்தானே மதிப்பெண் போட வேண்டும்? நண்பருக்கு நல்ல மதிப்பெண். எனக்கு நடுத்தரம். இரண்டு மாதம் மனத்துக்குள்ளேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவின் கரிக்கோடுகள் ஞாபகத்துக்கு வந்தன. படிக்காதவருக்குத் தெரிந்தது படித்தவனுக்குத் தெரியாமற் போயிற்று.

நேயர்களே, தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அது நல்ல பழக்கந்தான். நம் இலக்கண நூலான நன்னூலிலும் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. பவணந்தி முனிவர் அதை எழுதியது பதின்மூன்றாம் நூற்றாண்டில். இதுவரை இல்லாத நூல்களைப் படைத்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று அவர் முதலில் சொல்கிறார். ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே, நான்கு இடங்களில் மட்டும் அது தகும் என்று விலக்குக் கொடுக்கிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது தகும். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே தகும். சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில் தகும். எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போதும் தகும்.

இந்த நான்கையும் நம் பாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலிடத்துக்கு எழுதும் ஓலைதான் அது. அதைப் படிப்பவர்களில் ஒருவராவது, பெரும்பாலும் கையெழுத்துப் போடும் பெரியவர், நம் வேலையைக் கண்ணால் பார்த்திராதவர். ஆக நமக்கு விலக்கு உண்டு, பவணந்தியாரே கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த இடத்திலும் பொய் சொல்ல அவர் அனுமதி கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இனி எழுதும் முறைக்கு வருவோம்.

பாரம் வந்த இரவில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வராது. பிப்ரவரியில் நடந்தது நவம்பரில் எப்படி நினைவிருக்கும்? சூப்பர்வைசருக்கும் கடைசி இரண்டு மாதம்தான் நினைவிருக்கும். அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் காய்ச்சலாகப் படுத்து எம்.சி. எடுத்திருந்தால் அதுதான் அவர் கண்முன் நிற்கும். ஆகவே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஐம்பது சென் நோட்டாக இருந்தாலும் போதும். வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வரி. தேதி, நடந்தது, எண். "14ஆம் தேதி, இரவு ஷிப்டு, இயந்திரம் நின்றது, டெக்னீஷியன் வருவதற்குள் பழுதான துண்டுகளைப் பிரித்து வைத்தேன், 2 பெட்டி." தமிழிலேயே எழுதலாம். யாரும் பார்க்கப் போவதில்லை. வேலையிடத்து இரகசியக் கணக்குகளை மட்டும் அதில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

பெற்றோர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை வேலைவிட்டு வந்ததும் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். கூடவே "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், பதிலில் எழுத வேண்டிய வரி தானாக வந்து விழும். பிள்ளைக்கு அது சாதாரணமாகத் தோன்றும். கேட்கிறவருக்குத்தான் அது எழுதத்தக்கது என்று தெரியும்.

பாரம் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் மூன்று செய்திகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்ன செய்தேன், எவ்வளவு செய்தேன், அதனால் என்ன ஆயிற்று. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் ஒரு பெண். "புதியவர்களுக்கு உதவினேன்" என்று எழுதுகிறாள். இது காற்றில் எழுதியது போல. அதையே, "ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் புதிதாக வந்த 3 பேருக்குப் பார்வைச் சோதனை கற்றுக்கொடுத்தேன், மூன்றாம் வாரத்திலிருந்து மூவரும் தனியாக மேசையில் உட்கார்ந்தார்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு காட்சி தெரிகிறது. சந்தேகம் இருந்தால் அவர் லைன் லீடரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டுச் சரிபார்க்கக்கூடிய வரிதான் வலுவான வரி.

எண் வராத வேலைகளும் உண்டு. மலாக்கா நகரம் 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின் ஹோட்டல் வேலை பெருகியிருக்கிறது. நம் பெண்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். அறை சுத்தம் செய்பவர் என்ன எழுதுவார்? ஒரு நாளைக்கு எத்தனை அறை என்பதை எல்லாரும் எழுதுவார்கள். "விருந்தினர் விட்டுச்சென்ற பொருள்களை ஐந்து முறை கண்டெடுத்து முன்மேசையில் ஒப்படைத்தேன், ஐந்தும் பதிவேட்டில் உள்ளன" என்பது வேறு. "நான் நேர்மையானவள்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பதிவேடு அவளுக்காகச் சாட்சி சொல்லும். பாதுகாவலர், லாரி ஓட்டுநர், சமையற்காரர் யாராக இருந்தாலும், தம் வேலை ஏதாவது ஓரிடத்தில் பதிவாகியிருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"நாங்கள்" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்து வாழ்க்கையில் தனியாக எதுவும் செய்வதில்லை நாம். கல்யாணமா, கருமாதியா, திருவிழாவா, எல்லாரும் சேர்ந்துதான். அதனால் பாரத்திலும் "எல்லாரும் சேர்ந்து செய்தோம்" என்று எழுதிவிடுகிறோம். படிக்கும் அதிகாரிக்கு அதிலிருந்து உங்கள் பங்கு எது என்று பிரிக்கத் தெரியாது. "ஆறு பேர் கொண்ட குழுவில் இருந்தேன், அதில் கணக்கெடுப்பு என் பொறுப்பு" என்று எழுதினால் குழுவுக்கும் குறைவில்லை, உங்களுக்கும் குறைவில்லை. அடுத்தவர் செய்ததை மட்டும் தன் பெயரில் எழுதிவிடாதீர்கள். அதே பாரம் அவரிடமும் போயிருக்கிறது. இரண்டையும் ஒருவர்தான் படிப்பார்.

இப்போது கடினமான இடம். குறை எழுதும் இடம். "நீங்கள் முன்னேற்றிக்கொள்ள வேண்டியது என்ன?" என்று கேட்டிருப்பார்கள். சிலர் "ஒன்றும் இல்லை" என்று எழுதுவார்கள். வருகைப் பதிவில் பதினோரு நாள் தாமதம் என்று கணினி காட்டிக்கொண்டிருக்கும்போது அப்படி எழுதினால் மேலே எழுதிய நல்ல வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். வேறு சிலர், பெரும்பாலும் நம் பெண்பிள்ளைகள், அழுதுவிடுகிறார்கள் எழுத்திலே. "நான் இந்த ஆண்டு சரியாக வேலை செய்யவில்லை, மன்னித்துவிடுங்கள், இனி ஒழுங்காக இருப்பேன்." இது ஆபத்தான வரி. நீங்கள் மனமிரங்கி எழுதியது நாளைக்கு உங்கள் கோப்பில், உங்கள் கையெழுத்தோடு, நீங்களே ஒப்புக்கொண்ட குற்றமாக உட்கார்ந்திருக்கும்.

குறையையும் நிறுவை போல எழுதுங்கள். எது, எப்போது, ஏன், இப்போது எப்படி. "மே, ஜூன் மாதங்களில் 11 நாள் தாமதமாக வந்தேன். தோட்டத்திலிருந்து வரும் பேருந்து நேரம் மாறியது காரணம். ஜூலை முதல் பக்கத்து வீட்டுக்காரரோடு காரில் வருகிறேன். அதன்பின் தாமதம் இல்லை." இதில் கெஞ்சல் இல்லை, மறைத்தலும் இல்லை. படிப்பவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். சூப்பர்வைசர்மேல் உள்ள கோபத்தை இந்த இடத்தில் கொட்டாதீர்கள். உண்மையான மனக்குறை இருந்தால் அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, புகார் கொடுக்கும் முறை இருக்கிறது; தனிக் கடிதமாகக் கொடுங்கள்.

தனக்குத் தானே ஒன்று முதல் ஐந்து வரை எண் போடச் சொல்லும் பாரங்களும் உண்டு. நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் மூன்று போடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து போடுகிற துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் யாரும் படிப்பதில்லை. நான்கோ ஐந்தோ போட்ட இடத்தில் அதற்கான ஆதாரத்தை ஒரு வரி எழுதுங்கள். ஆதாரம் கிடைக்காவிட்டால் எண்ணைக் குறையுங்கள்.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2002ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையோடு வந்த முறையில், ஆண்டுத் தொடக்கத்திலேயே 'சசாரான் கெர்ஜா தாஹுனான்' எனும் ஆண்டு வேலை இலக்கை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அளவு, தரம், காலம், செலவு என்று நான்கு அளவுகோல்கள். ஆண்டு நடுவில் அதைத் திருத்திக்கொள்ள ஒரு பகுதி. கடைசியில் ஊழியரே எழுதும் அறிக்கை. பலர் தொடக்கத்தையும் கடைசியையும் எழுதிவிட்டு நடுப்பகுதியை வெறுமையாக விட்டார்கள். ஆனால் ஆண்டு நடுவில்தானே புதிய வேலைகளைத் தலையில் கட்டுவார்கள்? விடுப்பில் போனவரின் வேலை, திடீரென வந்த விழா வேலை. இலக்கில் ஏற்றாத வேலை ஆண்டு முடிவில் கணக்கில் வராது. பாரங்கள் மாறினாலும், கூடுதல் வேலை வந்த அன்றே அதை எழுத்தில் ஏற்றிவிடுவது எந்த முறைக்கும் பொருந்தும். அந்தப் பாரத்தில் அலுவலுக்கு வெளியே செய்த தொண்டுக்கு 5 விழுக்காடு மதிப்பெண் இருந்தது. கோயில் நிர்வாகத்தில் செயலாளர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் பொருளாளர் என்று நம்மவர்கள் எத்தனை பேர் உழைக்கிறார்கள்! அதை எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் அந்த இடம் காலியாகவே போனது.

பயிற்சி பற்றிக் கேட்டிருக்கும் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஃபோர்க்லிப்ட் ஓட்டப் படிக்க வேண்டுமா, கணினி படிக்க வேண்டுமா, பெயரோடு எழுதிக் கேளுங்கள். 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி, அதற்கு உட்பட்ட துறைகளில் பத்தும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் ஒரு விழுக்காட்டுக்குச் சமமான தொகையைப் பயிற்சிக்கென்று கட்டிவருகிறார். அந்தப் பணம் பயிற்சிக்குத்தான். கேட்பதில் கூச்சம் எதற்கு?

மொழியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். முதலில் தமிழில் எழுதுங்கள், அல்லது வாயால் சொல்லி வீட்டுப் பிள்ளை எழுதட்டும். பிறகு சிறு சிறு வாக்கியங்களாக மாற்றிக்கொள்ளலாம். எஸ்.பி.எம். படித்த பிள்ளைக்கு அது முடியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளை தன் கைவரிசையைக் காட்டி, பெரிய பெரிய சொற்களைப் போட்டு, எந்த ஆளுக்கும் பொருந்தும்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடும். இப்போது கணினியும் கேட்ட மாத்திரத்தில் அப்படி எழுதித் தருகிறது. நேரில் கூப்பிட்டு "இது என்ன?" என்று கேட்டால் உங்களால் விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாத சொல்லை அடித்துவிடுங்கள்.

கடைசியாகக் கையெழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சூப்பர்வைசர் மதிப்பெண் போட்டுத் திருப்பிக் காட்டும்போது, கையெழுத்து "பார்த்தேன்" என்பதற்கா, "ஒத்துக்கொள்கிறேன்" என்பதற்கா என்று படித்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால், மரியாதையாக ஒரு வரி எழுத இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தாலும் சரி.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தத் தாள் சம்பள உயர்வோடு நின்றுவிடுவதில்லை. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாயிற்று. அதற்குப் பாரம் தேவையில்லை. அதற்கு மேல் ஏறுவதற்கும், சில நேரம் வேலையில் நீடிப்பதற்குமே இது தேவைப்படுகிறது. "வேலைத்திறன் போதாது" என்று சொல்லி ஒருவரை நிறுத்தினால், 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் 60 நாள்களுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் அவர் மனுக்கொடுக்கலாம். சங்க உறுப்பினராக இல்லாதவரும் கொடுக்கலாம். வழக்கு தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போனால், குறையை அவருக்கு எடுத்துச் சொன்னார்களா, திருந்த அவகாசம் கொடுத்தார்களா என்று பார்ப்பார்கள். அப்போது முதலாளி தரப்பு மேசைமேல் வைக்கும் காகிதங்களில் அந்தப் பாரமும் இருக்கும். அதில் உங்கள் பக்கம் காலியாக இருந்தால், அவர்கள் எழுதியது மட்டுமே பேசும். "ஜூலை முதல் தாமதம் இல்லை" என்ற ஒரு வரி அங்கே எவ்வளவு கனக்கும் என்று பாருங்கள்.

என் தாயார் ஓய்வுபெற்றுத் தோட்டத்து வீட்டைக் காலி செய்த நாளில், அடுப்படிக் கதவைத் துடைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஈரத்துணியோடு நான்தான் துடைத்தேன். கடைசி மாதத்துக் கோடுகள் அப்படியே இருந்தன. அம்மா திண்ணையிலிருந்து, "துடைப்பதற்கு முன்னே எண்ணிப் பார், நிலுவைச் சம்பளத்தோடு ஒத்துவருகிறதா?" என்று குரல் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். ஒத்துவந்தது.